பொது மருத்துவமா, மயக்க மருத்துவமா? மாவட்ட வைத்தியசாலையில் பணியாற்ற விரும்புவோருக்கு ஓர் ஒப்பீடு

பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கும்போதெல்லாம், திருகோணமலை மாவட்டத்தில் பணியாற்றும் இளம் மருத்துவர்கள் சிலராவது, "அண்ணா, மெடிசின் செய்யவா, அனெஸ்தீசியா செய்யவா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். சத்திரசிகிச்சையையோ மகப்பேற்றையோ விரும்புவோர் உள்ளகப் பயிற்சிக் காலத்திலேயே மனதைத் தீர்மானித்துவிடுகிறார்கள். தயங்கி நிற்போரிற் பலர் இந்த இரண்டு துறைகளுக்கும் இடையில்தான் நிற்கிறார்கள். நான் மயக்க மருத்துவத்தைத் தெரிந்து படித்தேன். இன்று மறுபடி தெரியச் சொன்னாலும் அதையே தெரிவேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு வெளிப்படையாகவே இருக்கும், அதற்கான காரணத்தையும் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். இரண்டும் கொழும்பு நொரிஸ் கால்வாய் வீதியிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கீழ் வருகின்றன. நுழைவதற்குப் பரீட்சை உண்டு; பின்னர் போதனா வைத்தியசாலைகளில் ரெஜிஸ்ட்ராராக, அதாவது நிபுணராவதற்கான பயிற்சி மருத்துவராக, பணிசெய்துகொண்டே படித்து எம்.டி. பரீட்சையில் தேற வேண்டும். அதன் பின்னர் சிரேஷ்ட ரெஜிஸ்ட்ரார் பயிற்சி, வழக்கமாக ஓராண்டு வெளிநாட்டுப் பயிற்சி, இறுதியில் நிபுணர் என்ற சான்று. படிப்பும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். வருமானத்தைப் பொறுத்தவரை, மாலை நேரத் தனியார் கிளினிக் நடத்தும் வாய்ப்பு பொது மருத்துவருக்கே அதிகம். ஊரார் பெயர் அறிந்து தேடி வருவதும் அவரைத்தான். இவற்றை எல்லோரும் அறிவார்கள்.

பொது மருத்துவத்தில் ஒருவர் முதன்மையாகக் கற்பது, நோயாளி சொல்வதையும் அவருடைய உடல் காட்டுவதையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வருவதை. ஒரே விடுதியில் மாரடைப்பு, நீரிழிவு, எலிக்காய்ச்சல், பாரிசவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என எல்லாம் அடுத்தடுத்த கட்டில்களில் கிடக்கும். பரீட்சையிலும் உண்மையான நோயாளிகளை வைத்தே சோதிக்கிறார்கள்: நீண்ட நேரம் விசாரித்துப் பரிசோதித்துத் தொகுத்துச் சொல்ல வேண்டியவர் ஒருவர், சில நிமிடங்களில் இதயத்தின் முணுமுணுப்பையோ நரம்பின் பலவீனத்தையோ கண்டுபிடிக்க வேண்டியவர்கள் வேறு சிலர். டெங்குக் காய்ச்சலில் குருதிக் குழாய்களிலிருந்து குருதியின் நீர்ப்பகுதி கசியும் 24 முதல் 48 மணித்தியாலங்களைச் சரியாக இனங்கண்டு, 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்தக் காலம் முழுவதற்கும் 4600 மில்லிலீற்றர் என்ற கணக்கை மனதில் வைத்து, மணிக்கு மணி சேலைனின் அளவை ஏற்றியும் இறக்கியும் ஒரு மருத்துவர் நோயாளியைக் கரைசேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படிப்பின் மதிப்பைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தக் கூர்மை மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

மயக்க மருத்துவம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. முதற் பகுதிப் பரீட்சைக்கு உடற்றொழிலியல், மருந்தியல், பௌதிகவியல், அளவீட்டு முறைகள் ஆகியவற்றை அடியிலிருந்து மறுபடி கற்க வேண்டும். மருத்துவ பீடத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் படித்து மறந்துபோன வரைபுகள் எல்லாம் திரும்பி வரும். சுவாசப்பையில் ஒட்சிசனின் அமுக்கம் எவ்வாறு தீர்மானமாகிறது, இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதி எவற்றால் கூடிக் குறைகிறது, நாளத்தில் ஏற்றிய மருந்து மூளையை எவ்வளவு நேரத்தில் அடைந்து ஏன் மறுபடி விலகுகிறது என்பவற்றைச் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, கணக்கிட்டும் காட்ட வேண்டும். பிற்பகுதியில் சத்திரசிகிச்சைக் கூடம், தீவிர சிகிச்சைப் பிரிவு, மகப்பேற்று அறை, வலி நிவாரணம் என்று களங்கள் விரிகின்றன. ஆனால் எந்தக் களத்திலும் தீர்மானம் எடுக்க உதவுவது அந்த முதற் பகுதி அறிவுதான்.

என் தெரிவைத் தீர்மானித்த காரணம் ஒன்றே: கற்றது எவ்வளவு காலம் பழுதின்றி நிற்கிறது, அதைப் பயன்படுத்த எவ்வளவு துணைக்கருவி வேண்டியிருக்கிறது என்பது. நிபுணரான பின் ஒருவர் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வேலை செய்வார். கொழும்பில் இருப்பவருக்கு அருகிலேயே சகபாடிகளும் வாராந்தக் கலந்துரையாடல்களும் எல்லாக் கருவிகளும் உண்டு. மாவட்டத்தில் இருப்பவர் பெரும்பாலான இரவுகளில் தம் அறிவோடு மட்டுமே நிற்கிறார். வைத்தியசாலை சிறிதாகச் சிறிதாக இந்த வேறுபாடு பெரிதாகிறது.

பொது மருத்துவத்தின் உள்ளடக்கம் மிக விரைவாக மாறுகிறது. அதுவே அதன் பெருமை, அதுவே அதன் சுமை. வயிற்றுப் புண்ணுக்கு அமிலமும் மன அழுத்தமுமே காரணம் என்று கற்றவர்கள், 1982இல் அவுஸ்திரேலிய மருத்துவர்களான வாரனும் மார்ஷலும் ஒரு பக்டீரியாவைப் பிரித்தெடுத்த பின்னர் அந்தப் பாடத்தையே மாற்றிப் படிக்க நேர்ந்தது. இதயச் செயலிழப்பில் கொடுக்கவே கூடாது என்று விலக்கி வைத்திருந்த பீட்டா தடுப்பான் மருந்துகள், 1999இல் வெளியான பெரும் ஆய்வுகளோடு அந்நோயின் அடிப்படைச் சிகிச்சையாகின. மூளைக் குருதிக்குழாய் அடைப்புக்கு, உறைந்த குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 3 மணித்தியாலத்துக்குள் ஏற்றலாம் என்று 1995இல் தெரியவந்தது, 2008இல் அது நாலரை மணித்தியாலமாக நீண்டது, 2015இல் கட்டியைக் குழாய் வழியே இழுத்தெடுக்கும் முறை வந்து, அதற்குரிய கூடமும் குழுவும் இல்லாத இடங்களின் பங்கு நோயாளியை விரைவாக அனுப்பிவைப்பது என்றாயிற்று. இந்த ஓட்டத்தோடு ஓடும் பொது மருத்துவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு அசாதாரணமானது. ஆனால் படித்தவற்றில் ஒரு பெரும் பங்கு, ஒன்றில் புதுப்பிக்கப்பட வேண்டியதாகவோ அல்லது வேறோர் ஊரிலுள்ள கருவியைச் சார்ந்ததாகவோ ஆகிவிடுகிறது என்பதை மறுக்க முடியாது.

மயக்க மருத்துவத்தில் அடித்தளம் அப்படியே நிற்கிறது. 1846 ஒக்டோபர் 16ஆம் திகதி பொஸ்டனில் மோர்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியால் மயக்கம் கொடுத்த நாளிலிருந்து மருந்துகள் பலமுறை மாறிவிட்டன. ஆனால் மயங்கியவரின் சுவாசப் பாதை ஏன் அடைபடுகிறது என்பதற்கான காரணம் மாறவில்லை. 1898இல் ஜேர்மனியச் சத்திரசிகிச்சை நிபுணர் பீயர் முள்ளந்தண்டில் மருந்தேற்றிக் காட்டிய முறையின் வழித்தோன்றலைத்தான் இன்றும் பெரும்பாலான சிசேரியன் சத்திரசிகிச்சைகளுக்குப் பயன்படுத்துகிறோம்.

எடுத்துக்காட்டாக, முழு மயக்கம் கொடுத்தே ஆக வேண்டிய ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை நினைத்துக்கொள்ளுங்கள். உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் செலவிடுகிறது. சாதாரண வளியைச் சுவாசித்துக்கொண்டிருப்பவரின் சுவாசப்பையில் எஞ்சியிருக்கும் இருப்பு ஓரிரு நிமிடங்களுக்கே போதும். மயக்கத்துக்கு முன் மூன்று நிமிடம் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்தால் அந்த இருப்பு 2 லீற்றர் அளவுக்கு உயர்ந்து, ஆரோக்கியமான வளர்ந்தவர் ஒருவருக்கு எட்டு நிமிடம் வரை பாதுகாப்புக் கிடைக்கிறது. கர்ப்பிணியிலோ, உயர்ந்த கருப்பை சுவாசப்பையின் இருப்பை ஐந்திலொரு பங்கு குறைக்கிறது. ஒட்சிசன் தேவையோ ஐந்திலொரு பங்குக்கும் மேலாகக் கூடுகிறது. ஆகவே மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாய் போடுவதற்குக் கையிலுள்ள நேரம் பாதியளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இந்தக் கணக்கை அறிந்தவர் முகமூடியை இறுக்கமாகப் பொருத்துவதில் அவசரப்பட மாட்டார். தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பார். ஒரு முயற்சி தவறினால் இரண்டாவது முயற்சிக்கு எவ்வளவு நேரம் உண்டென்று முன்கூட்டியே அறிந்திருப்பார். இதற்கு வேண்டியது ஒரு முகமூடியும் ஒட்சிசனும்தான். இந்தக் கணக்கு முப்பது ஆண்டு கழிந்தாலும் செல்லும்.

பௌதிகவியலும் அப்படியே. செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒருவரைத் திருகோணமலையிலிருந்து ஏ-12 வீதியால், ஹொரவப்பொத்தானை ஊடாக, அனுராதபுரம் போதனா வைத்தியசாலைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது என்போம். தூரம் நூறு கிலோமீற்றருக்கு மேல். இரண்டு மணித்தியாலப் பயணம் என்று வைத்துக்கொள்ளலாம். 'இ' (E) என்று குறிக்கப்படும் அளவுள்ள நிறைந்த ஒட்சிசன் உருளையில் 680 லீற்றர் உண்டு. நிமிடத்துக்கு 10 லீற்றர் செலவானால் அது 68 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வழியில் வாகனம் நின்றாலும் தாங்கும்படி தேவையின் இருமடங்கைக் கொண்டுபோவதே விதியென்றால் 2400 லீற்றர், அதாவது நான்கு உருளைகள். ஒட்சிசன் உருளையின் அமுக்கமானி பாதியைக் காட்டினால் வாயுவும் பாதிதான் இருக்கிறது என்று போயிலின் விதி சொல்கிறது. மயக்கத்துக்குப் பயன்படும் நைட்ரஸ் ஒக்சைட் வாயுவின் உருளையில் அந்த வாசிப்பை நம்ப முடியாது. அங்கே வாயுவுக்கு அடியில் திரவமும் இருப்பதால், திரவம் தீரும்வரை மானி ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். அதன் அவதி வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் வாயு திரவமாகாத எல்லை, 36.5 பாகை செல்சியஸ். எங்கள் கோடை வெயிலில் லொறித் தட்டில் கிடந்து சூடேறிய உருளை அந்த எல்லையைத் தாண்டினால் உள்ளே திரவமே இராது, மானியும் வேறு கதை சொல்லும். குளிர்நாட்டுப் புத்தகத்தில் ஓரக் குறிப்பாக வரும் இந்த எண், திருகோணமலையில் ஒரு நடைமுறைச் செய்தி.

மயக்க மருத்துவத்திலும் புதியவை வருகின்றன. நரம்புகளை அல்ட்ராசவுண்டில் பார்த்து மருந்தேற்றுவதும் சுவாசக் குழாய் போட உதவும் கமெரா பொருத்திய கருவிகளும் இப்போது படிப்பின் பகுதிகளாகிவிட்டன. அவற்றைக் கைப்பழக்கத்தால் மட்டுமே பேண முடியும், அரிதாகச் செய்தால் கை மறந்துவிடும். ஆனால் இவை அடித்தளத்தின் மேல் வைக்கப்படுபவை. தெரியாமற் போனால் வசதி குறையுமே தவிர, அடித்தளம் ஆட்டங்காணாது.

இரண்டு துறைகளும் ஒன்றையொன்று தேடும் இடம் பாம்புக்கடி. இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவரைக் கண்டங்கருவளைப் பாம்பு தீண்டினால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. விடியும் முன் வயிற்று வலியோடு வருவார், பின்னர் இமைகள் சரியும், பின்னர் மூச்சு மெலியும். சரியும் இமையைக் கண்டு நோயை இனங்காண்பது பொது மருத்துவரின் படிப்பு. கண்டங்கருவளையின் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைத்துவிடுவதால், நிலைத்துவிட்ட வாதத்தை நஞ்சுமுறி மருந்து மீட்பதில்லை. முனைகள் மறுபடி வளரும்வரை நாட்கணக்கில் நோயாளிக்காக நாம் மூச்சு விட வேண்டும். 1952இல் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்க மருத்துவரான இப்சன், தொண்டையில் குழாய் வைத்துக் கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கும் முறையைச் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து விடுதிக்குக் கொண்டுவந்தார்; மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவு பகலாக அமுக்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற எண்ணமே அங்கிருந்துதான் வளர்ந்தது. எந்தச் சிறிய வைத்தியசாலையிலும், கருவி வந்து சேரும்வரை, அதே செயலால் ஒருவரை உயிரோடு வைத்திருக்கலாம்.

பொது மருத்துவப் பயிற்சியின் பிற்பகுதியைப் பற்றி, குறிப்பாக இதயவியல், நரம்பியல், சிறுநீரகவியல் எனக் கிளை பிரிந்து செல்வோரின் படிப்பைப் பற்றி, நண்பர்கள் சொல்லக் கேட்டதைத் தவிர எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. அவ்வாறு பிரிந்து, ஒரு துறையை மட்டும் ஆழப் படிப்பவருக்கு நான் சொன்ன பேணுதற் சுமை குறையக்கூடும். ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் பார்த்து, அவருடைய குடும்பத்தையும் அறிந்து சிகிச்சை செய்ய விரும்புவோருக்கு எங்கள் துறை ஏமாற்றத்தையே தரும். எங்கள் நோயாளிகளிற் பலர் விழித்த பின் எங்கள் முகத்தை மறந்துவிடுகிறார்கள். இரவு அழைப்புகளைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: அவசர சிசேரியனும் விபத்தும் நேரம் பார்த்து வருவதில்லை, மாவட்டத்தில் நிபுணர்கள் ஓரிருவரே இருக்கும்போது முறை மாற்றிக்கொள்ளவும் ஆளிராது.

இவற்றை ஏற்றுக்கொண்டு மயக்க மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க எண்ணுவோர், முதலில் தங்கள் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் அனுமதி பெற்றுச் சில வாரங்கள் நின்று பார்க்க வேண்டும். அதன் பின், பெரிய பாடநூல்களைத் தொடுவதற்கு முன், உயர்தரத்தில் உயிரியற் பிரிவில் படித்தபோது பயன்படுத்திய பௌதிகவியற் புத்தகத்தைத் தேடியெடுத்து, வாயு விதிகள், ஆவியமுக்கம், பாய்பொருளோட்டம் ஆகிய மூன்று அலகுகளையும் கணக்குகளோடு செய்து முடிக்க வேண்டும். முதற் பகுதியில் எங்களிற் பலர் தடுமாறியது மருந்தியலில் அல்ல, அந்த மூன்று அலகுகளில்தான்.