ஃபேக்ட் மாநாடு: யாருக்குப் பயன், யாருக்கு வீண்செலவு

செயற்கை நுண்ணறிவும் அறமும் என்று தலைப்புப் போட்ட கூட்டங்களில் பாதி, வாழ்த்துரையிலேயே களைத்துப்போகும். 2018 பிப்ரவரியில் நியூயார்க்கில் தொடங்கி, இன்று ஏசிஎம் என்ற கணினித்துறைச் சங்கத்தின் பெயரோடு ஏசிஎம் ஃபேக்ட் (FAccT: நியாயம், பொறுப்புடைமை, வெளிப்படைத்தன்மை) என்று அழைக்கப்படும் மாநாட்டில் அந்தத் தொல்லை குறைவு. நிரலாளர், வழக்கறிஞர், சமூகவியலாளர் மூவரையும் ஒரே அரங்கில் உட்காரவைத்து, 'எண்ணைக் காட்டு' என்று கேட்கும் இடம் அது.

முதல் ஆண்டிலேயே அதன் தரம் தெரிந்தது. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரூ என்ற இரு ஆய்வாளர்கள் 1,270 முகப்படங்களை வைத்து, விற்பனையில் இருந்த மூன்று மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8%, கருநிறப் பெண்களிடம் 34.7% வரை போனது. மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணுக்குள் இது புதைந்து கிடந்தது. நிறம், பாலினம் இரண்டையும் சேர்த்துப் பிரித்த பிறகே வெளியே வந்தது.

மாநாட்டின் உண்மையான சொத்து என்றால் பயிலரங்குகளைச் சொல்லலாம். கணினி அறிவியலாளர் அரவிந்த் நாராயணன் 2018இல் நடத்தியது நியாயத்துக்கான 21 வரையறைகள் பற்றியது. ஒரு வரையறை போதாதா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றிலும் 100 பேர். முதல் குழுவில் 50 பேர் கடனைக் கட்டத் தவறுவார்கள், இரண்டாவதில் 20 பேர். மென்பொருள் முதல் குழுவில் 50 பேரை 'ஆபத்து' என்று குறிக்கிறது, அதில் 40 சரி. இரண்டாவதில் 20 பேரைக் குறிக்கிறது, 16 சரி. இரண்டு பக்கமும் குறித்ததில் 80% சரி. தவறுபவர்களில் 80% பேர் பிடிபட்டும் விட்டார்கள். சமமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒழுங்காகக் கட்டக்கூடியவர்களைப் பாருங்கள்: முதல் குழுவில் 50 பேரில் 10 பேர்மீது வீண்பழி, அதாவது 20%. இரண்டாவதில் 80 பேரில் 4 பேர், 5%தான். அடிப்படை விகிதம், அதாவது ஒவ்வொரு குழுவிலும் தவறுபவர்களின் பங்கு, வேறாக இருந்து, கணிப்பிலும் பிழை இருந்தால், இந்த மூன்றையும் ஒருசேரச் சமமாக்க வழியில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் கணிதம் சொல்லாது. அங்கேதான் சட்டம் படித்தவர்கள் வாய் திறக்கிறார்கள். கேட்கவேண்டிய நேரமும் அதுதான்.

கட்டுரை அனுப்ப நினைப்பவர்களுக்கு: எழுதியவர் பெயர் மதிப்பிடுபவருக்குத் தெரியாது, மதிப்பிடுபவர் பெயர் எழுதியவருக்கும் தெரியாது. முதல் பக்கத்தில் பெயரை அழித்துவிட்டு நன்றியுரையில் ஆய்வுக்கூடத்தின் பெயரை விட்டுவைப்பதும், நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் சொந்தப் பெயரிலுள்ள இணைப்பைக் கொடுப்பதும் பழைய தவறுகள். அதைவிடப் பெரிய ஓட்டை, கையிலுள்ள மென்பொருள் நூலகத்தில் எந்த அளவுகோல் இருக்கிறதோ அதையே எடுத்துப் போடுவது. யாருக்கு என்ன தீங்கு என்று எழுதாத 'சார்பு' அட்டவணை எத்தனை பக்கம் நீண்டாலும் நிற்காது. முழுக் கட்டுரையையும் பிறகு இதழுக்கு அனுப்ப விரும்பினால், சுருக்கம் மட்டும் வெளியாகும் பிரிவு ஒன்று உண்டு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. இனம் என்றால் அமெரிக்கப் பட்டியல், சட்டம் என்றால் அமெரிக்கச் சட்டம் என்ற பழக்கம் நெடுநாள் நீடித்தது. நித்யா சம்பாசிவனும் உடன் எழுதியவர்களும் 2021இல் அதே மேடையில் இந்தியச் சூழலை முன்வைத்து, அந்த அளவுகோல்கள் இங்கே அப்படியே பொருந்தாது என்று காட்டினார்கள். சாதி என்ற நெடுவரிசையே இல்லாத தரவில் சாதிப் பாகுபாட்டை எப்படி அளப்பது? பணம் வரும் வழியும் உறுத்தல்தான். கூகுளின் செயற்கை நுண்ணறிவு அறக் குழுவை நடத்திய கெப்ரூவும் மார்கரெட் மிட்செலும் அந்த நிறுவனத்திலிருந்து வெளியேறிய விவகாரத்துக்குப் பின், 2021இல் கூகுளின் நிதியாதரவை மாநாடு நிறுத்திவைத்தது. அந்த முடிவு பாராட்டத்தக்கது. ஆனால் ஆராயப்படுபவரே புரவலராக இருக்கும் சிக்கல் அதோடு தீர்ந்துவிடவில்லை.

இன்னொன்று: மென்பொருளைச் சோதித்துப் பிழையைக் காட்டிய பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு ஃபேக்ட்டை மட்டும் நம்ப முடியாது. முகப்பட ஆய்வின் தொடர்ச்சி 2019இல் வந்தது செயற்கை நுண்ணறிவு, அறம், சமூகம் பற்றிய சகோதர மாநாடான ஏஐஇஎஸ்ஸில் (AIES). முதல் ஆய்வில் பெயர் வந்த மூன்று நிறுவனங்களும் பிழையைக் குறைத்திருந்தன. அந்தப் பட்டியலில் இல்லாத அமேசானின் மென்பொருளிலோ, கருநிறப் பெண்களிடம் பிழை 31.37%. பெயர் சொன்னால்தான் திருத்துவார்கள் போலும்.

ஆகவே படிக்க மட்டும் விரும்புபவர் விமானச் சீட்டு எடுக்கவேண்டாம். பல உரைகள் யூடியூபில் கிடைக்கின்றன. நேரில் போவதற்குக் காரணம் கிராஃப்ட் என்ற பிரிவு. மென்பொருளால் பாதிக்கப்பட்டவர்களும் சமூக அமைப்புகளும் ஆய்வாளர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் அமர்வுகள் அங்கே நடக்கும். நிகழ்ச்சி நிரல் வந்ததும் முதலில் அந்த நேரங்களைக் குறித்துக்கொண்டு, மீதி இடத்தில் கட்டுரை அமர்வுகளை நிரப்புங்கள்.