ஜிப்ஸிக்கு வயரிங் மாற்றிய தண்டையார்பேட்டை கடை

டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது இந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. பெயர்ப்பலகை எல்லாம் இல்லை. மீன் ஏற்றும் டாடா ஏஸ், ஷேர் ஆட்டோ, துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர், இவைதான் கடைக்காரர் பாய்க்கு அன்றாட வேலை. என் 2009 மாடல் மாருதி ஜிப்ஸி ஜீப்பின் எஞ்சின் பக்க வயரிங்கை இவரிடம்தான் கொடுத்தேன். காடு மேடு ஏறுகிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடை தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன். உப்புக்காற்று செம்பை என்ன செய்யும் என்று தினமும் பார்க்கிறேன். வயரின் மேல்தோல் புதுசு மாதிரியே இருக்கும். கொஞ்சம் உரித்தால் உள்ளே பச்சைப் பொடி. என் ஜிப்ஸியும் அந்த நிலைக்கு வந்திருந்தது. போதாததற்கு, முன்பு ஃபாக் லைட் மாட்டிய வேறொரு கடையில் ஹெட்லைட் வயரையே கீறி, முறுக்கி, டேப் சுற்றி அனுப்பிவிட்டார்கள். ஃப்யூஸ் கிடையாது. அந்த வயர், கொதிக்கிற புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வண்டியில் இதைவிட ஆபத்தான வேலை வேண்டாம்.

பாய் பானெட்டைத் திறந்ததும் எதையும் வெட்டவில்லை. எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை எடுத்தார். பேட்டரியில் 13.8 வோல்ட். ஹெட்லைட்டில் வயர் சொருகும் கப்ளரில் 10.9. ஏறக்குறைய 3 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 10 ஆம்பியர் வரை ஓடும். அத்தனையும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகப் போய் வருகிறது. இடையில் துரு பிடித்த ஜாயிண்ட் இருந்தால் வெளிச்சம் எங்கிருந்து வரும்? நான் பல்பை மாற்றலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “பல்புல ஒண்ணும் இல்ல தம்பி, வழியிலதான் கோளாறு” என்றார்.

சரி என்று வண்டியை விட்டுவிட்டு வந்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ரிலே பெட்டி, ரிச்சி தெருவில் சூடு காட்டினால் சுருங்கி வயரைக் கவ்வும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் எல்லாம் நானே வாங்கிக் கொடுத்தேன். வயர் மட்டும் படகுக்குப் போடுகிற வெள்ளீயம் பூசிய காப்பர் வேண்டும் என்றேன். விலை கூடுதல்தான். ஆனால் கடலோரத்தில் சாதா காப்பர் போட்டால் கொஞ்ச வருஷத்தில் மறுபடி இதே கதை. அவர் மறுபேச்சு பேசவில்லை.

இப்போது ஹெட்லைட்டுக்கு லோ பீம், ஹை பீம் தனித்தனி ரிலே, அதாவது சின்னக் கரன்டை வைத்துப் பெரிய கரன்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச். பழைய சுவிட்ச் ரிலேயை இழுக்க மட்டும்தான். பல்புக்குக் கரன்ட் பேட்டரியிலிருந்து நேராக 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் வயரில் வருகிறது. மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஏன் அவ்வளவு பக்கத்தில் என்று கேட்டேன். “ஃப்யூஸ் பல்பைக் காப்பாத்த இல்ல தம்பி, வயரைக் காப்பாத்த. ஃப்யூஸுக்கு முன்னாடி வயர் உரசுச்சுன்னா யாரு காப்பாத்துவா?”

எனக்கு ரொம்பப் பிடித்தது எர்த் வேலை. எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் பெயின்டை எமரி பேப்பரால் தேய்த்து, தகரம் பளபளக்கிற வரை விடவில்லை. ஸ்டார் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாஸலின் பூசினார். ஹெட்லைட் கப்ளருக்குள் நுழைவதற்கு முன் ஒவ்வொரு வயரையும் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறார். தண்ணீர் வழிந்து வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் தெருவில் எத்தனை வண்டி நின்றுபோனது என்று பார்த்தவனுக்கு அந்த ஒரு வளைவின் அருமை தெரியும்.

வயர் நுனியில் மாட்டுகிற லக் எல்லாம் கிரிம்பிங், அதாவது நசுக்கிப் பிடிக்கவைப்பது. சால்டரிங் வைத்தால் வயர் அந்த இடத்தில் விறைத்துப்போய், அதிர்வில் ஓரத்தில் முறியும். கரடுமுரடான வழியில் ஓடும் வண்டிக்கு அது ஆகாது. கார்புரேட்டர் இல்லாத எம்பிஎஃப்ஐ வண்டி என்பதால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் போகும் வயர்களில் அவர் கை வைக்கவில்லை. பழைய ஸ்லீவை மட்டும் மாற்றி, சூட்டிலிருந்து தள்ளிக் கட்டினார். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த எலக்ட்ரீஷியன் கிடைப்பது அபூர்வம்.

கடைசியில் மீட்டர் வைத்துக் காட்டினார்: ஹெட்லைட் கப்ளரில் 13.4. அப்புறம் ஒரு நோட்டுத் தாளில் எந்த ஃப்யூஸ் எதற்கு, எந்த நிற வயர் எங்கே போகிறது என்று வரைந்து, லேமினேட் பண்ணி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டினார். நான் கேட்கவே இல்லை. இனி ஆந்திராவில் நாகலாபுரம் மலைப்பக்கம் ராத்திரியில் ஏதாவது அணைந்தாலும், டார்ச் அடித்து நானே பார்த்துக்கொள்ள முடியும்.

குறைகளும் உண்டு. கடைக்கு ஷெட் இல்லை. வேலை தெருவிலேதான், மழை வந்தால் நின்றுவிடும். சொன்ன தேதிக்கு வண்டி வராது. போனை எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பில் கேட்டால் தாளில் எழுதித் தருவார். கூலியும் சாமானும் சேர்த்து எனக்கு 17,000 ரூபாய்க்குப் பக்கம் வந்தது. செய்த வேலைக்கு அது நியாயமான காசு.

போகிறவர்கள் காலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன்பே போய்விடுங்கள். அவசரம் என்று சொல்லாதீர்கள். சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார் வின்ச் மாட்டும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழுப் பாரத்தில் அது 400 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குத் தனி கேபிளும் கட் ஆஃப் சுவிட்சும் எங்கே வரும் என்று பார்த்துவிட்டுத்தான் அவர் மற்ற வயர்களுக்கு வழி போடுவார்.