இரும்புச்சத்து மாத்திரையும் கோத்தகிரி டீயும்

ஊட்டியில் இருக்கும் தோழி, மல்டிவைட்டமின் டப்பா ஒன்று பாதி விலைக்கு வருகிறது, வாங்கவா அக்கா என்று கேட்டாள். எப்போதும் அசதி, எதிலும் மனசு ஒட்டவில்லை, மழை பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம் என்கிறாள். நான் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஃபோலிக் அமிலம் சேர்ந்த இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

மாத்திரை வேலை செய்கிறது. இரண்டு மாதம் போல ஆனது, ஆனால் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் மேட்டில் நடுவில் நிற்பதில்லை. சாயங்காலம் பிள்ளைகள் பேச வந்தால் எரிந்து விழுவதில்லை. அந்த எரிச்சலை நான் என் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். உடம்பில் இரும்பு வற்றினால் மனசும் சேர்ந்து வாடும் என்று யாரும் சொன்னதில்லை.

இதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.4 வந்தது, 12-க்கு மேல் இருந்ததால் நார்மல் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்த 12 சமவெளிப் பெண்களுக்கான அளவு. மலையில் காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதை ஈடுகட்ட ரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்க வேண்டும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர், ஊட்டி 2,200-க்கும் மேல். இந்த உயரங்களில் அந்த 12-ஐ ஒரு கிராமாவது கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். மலையிலேயே இருக்கும் லேப், சமவெளிக் கணக்கில் ரிப்போர்ட் கொடுத்தால் எப்படி? அப்புறம் வேறொரு டாக்டர், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். 9 இருந்தது. 15-க்குக் கீழே போனாலே இருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, மாத்திரையின் தொல்லைக்கு வருகிறேன். மலம் கறுப்பாகப் போவது, வயிறு கட்டுவது எல்லாம் பழகிவிடும். பழகாதது டீ விஷயம்தான். டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. அதனால் மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ கூடாது என்றார் டாக்டர். நீலகிரியில் இது எவ்வளவு கஷ்டம் என்று கீழே இருப்பவர்களுக்குப் புரியாது. எழுந்ததும் டீ, ஆபீஸில் நுழைந்ததும் டீ, யார் வீட்டுக்குப் போனாலும் கேட்காமலே டீ. ஐப்பசி மழையில் விரல் விறைத்திருக்கும்போது ஒருவர் நீட்டும் டம்ளரை வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. பகலில் எந்த நேரத்தை ஒதுக்கினாலும் நடுவில் ஒரு டீ வந்து நின்றது. கடைசியில் ராத்திரி படுக்கும் முன் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட ஆரம்பித்தேன். டாக்டரும் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மாற்றிக் கொடுத்தார். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி அடுத்த நாள் உறிஞ்சலைக் குறைக்கிறதாம். இடைவெளி விட்டால் போடுவது உடம்பில் சேரும். எனக்கு வயிற்றுத் தொந்தரவும் பாதியானது.

பீட்ரூட் சாப்பிடு, ரத்தம் ஊறும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது.

தோழிக்கு என் பதில்: அந்த டப்பா வேண்டாம். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே மாத்திரையில் அடைத்திருக்கிறார்கள், கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. நீ காலையில் தைராய்டு மாத்திரை வேறு போடுகிறாய். அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முதலில் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டுக்கான டிஎஸ்எச் பார். அசதிக்கெல்லாம் இரும்புதான் என்று நீயாக ஆரம்பித்துவிடாதே. இந்த மலையின் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் சோகை நிறைய உண்டு, அது பரம்பரையாக வரும் ரத்த நோய், இரும்புக் குறைவால் வருவதில்லை. மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் மாத்திரைக் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போ, அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடு.

இவ்வளவு நல்லது செய்த மாத்திரையை எனக்குப் பிடிக்குமா என்றால், பிடிக்காது. டீயைக் கணக்குப் பார்த்துக் குடிக்க வைத்த எதையும் என்னால் மனசாரப் பாராட்ட முடியவில்லை. அடுத்த மாதம் ஃபெரிட்டின் மறுபடி பார்க்கிறேன். டாக்டர் போதும் என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுவேன்.