ஐப்பசிக் கல்யாணமும் சென்னை அட்டவணையும்: பினாங்கில் நாங்கள் ஏமாந்த கதை

இந்த ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் பினாங்கு, கெடா பக்கத்துக் குடும்பங்கள் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். பாக்கிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் படியுங்கள்.

போன நவம்பர் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை, என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. நானும் மாமாவும்தான் எல்லாவற்றுக்கும் அலைந்தோம். வேலைக்கும் போய்க்கொண்டு இதையும் பார்க்க முடியாது என்றுதான் ஒரு வெட்டிங் பிளானரிடம் போனோம். காலை அலங்காரம் முதல் இரவு விருந்து வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு, மொத்தம் 9,800 வெள்ளி. அதில் இரண்டு வரியை மட்டும் இங்கே எடுத்துச் சொல்கிறேன். "மாலைப் பொன்னொளிப் படப்பிடிப்பு, பத்து ஃபெரிங்கி கடற்கரை" (சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் மஞ்சள் வெளிச்சத்தில் படம் எடுப்பது): 1,800 வெள்ளி. "மழைக்கு மாற்று ஏற்பாடு": 800 வெள்ளி. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே முழுப் பணத்தையும் வாங்கிவிட்டார்கள்.

முதல் சறுக்கல் அன்றே தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் தந்த அட்டவணையில் தாலி கட்டும் நேரம் காலை 10:45. சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை, அது முடிந்ததும் கட்டலாம் என்று விளக்கம் வேறு. குருக்கள் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது நம்ம ஊர் கணக்கு இல்லையேம்மா" என்றார். ராகு காலத்தைச் சூரியன் உதிக்கும் நேரத்திலிருந்து எண்ணவேண்டும். ஒன்பது, பத்தரை என்பதெல்லாம் காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் இடத்துக்கு. அந்த வாரம் பினாங்கில் உதயமே ஏழு மணி தாண்டித்தான். அப்படிப் பார்த்தால் ராகு காலம் பத்து மணிக்கு மேல் ஆரம்பித்துப் பதினொன்றரை வரை போகிறது. தாலி கட்டச் சொன்ன நேரம் அதற்கு நடுவில் இருந்தது! குருக்களே முகூர்த்தத்தை 8:45க்கு மாற்றிக் கொடுத்தார். அவருக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

காலையில் இப்படித் தப்பு இருந்தால் மாலையிலும் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. முகூர்த்தம் சரியானதும் நிம்மதியாகிவிட்டோம்.

மாலைக்கு எழுதியிருந்தது இதுதான்: 4:30க்குக் கடற்கரை, 5:00 முதல் 5:45 வரை பொன்னொளி, 6:00க்குப் படப்பிடிப்பு முடிவு. இந்த நேரம் சென்னைக்குத்தான் பொருந்தும். நவம்பர் தொடக்கத்தில் அங்கே சூரியன் மறைவது ஐந்தே முக்கால் வாக்கில். பினாங்கில் ஏழு மணிக்குச் சில நிமிஷம் முன்னால். நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, நாம் இருப்பதோ 100 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்றால், சூரியன் நம் கடிகாரத்துக்கு ஏறக்குறைய 80 நிமிஷம் பின்தங்கி வருகிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியதும் இதில் சேர்த்தி. இங்கே ஐந்து மணி என்பது நல்ல வெயில் நேரம். மழைக்காலத்தில் அதுவே இடி மழை நேரம்.

மழை எதிர்பாராமல் வந்தது என்று அவர்கள் பின்னால் சொன்னார்கள். "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று நம் பாட்டிகள் சொன்னது தமிழ்நாட்டில் பிறந்த பழமொழிதான், ஆனால் பினாங்குக்கும் அப்படியே பொருந்தும். இங்கே அதிகம் மழை பெய்யும் காலம் செப்டம்பர், அக்டோபர், அதையொட்டிய நவம்பர். பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் இடியோடு இறங்கும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவு எப்படி மூழ்கியது என்று இங்கே யாருக்கு மறக்கும்? புரட்டாசி முடிந்ததும் எல்லோரும் ஐப்பசியில் நாள் பார்ப்பதால் நம் கல்யாணங்கள் சரியாக இந்த மழையில்தான் வந்து விழுகின்றன. தை, மாசியில்தான் பினாங்கு வானம் காய்ந்து கிடக்கும். கல்யாணம் நடத்திக் கொடுப்பதே தொழிலாக இருப்பவர்களுக்கு இது தெரியாதா?

அன்றைக்கு நாலேகாலுக்கு மழை பிடித்தது. கடற்கரை ஓரத்துச் சாப்பாட்டுக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே, அரக்கு நிறக் காஞ்சிப் பட்டை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு என் தங்கை நின்றாள். தலைப்பு நனையாமல் இருக்க மாப்பிள்ளை அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மாற்று ஏற்பாடு எங்கே என்று பிளானரின் ஆளைக் கேட்டேன். கேனப்பி வரும், இல்லையென்றால் ஓட்டலுக்குள் ஓர் இடம் பிடித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் காடியிலிருந்து நாலு பிளாஸ்டிக் குடைகளை எடுத்து வந்தார். ஒன்றின் கம்பி உடைந்திருந்தது. இன்னொன்றில் 5.90 வெள்ளி என்ற விலைச்சீட்டு கிழிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. 800 வெள்ளிக்கு வாங்கிய மாற்று ஏற்பாடு அதுதான்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மழை விட்டது. ஐந்தே நிமிஷத்தில் மேகம் பிளந்து, ஈர மணல் முழுக்க மஞ்சள் வெளிச்சம் பரவியது. நான் பிறந்து வளர்ந்த ஊர், அந்த மாதிரி ஒரு வெளிச்சத்தை இதுவரை பார்த்ததில்லை. தங்கை அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு கூரையை விட்டு வெளியே வந்தாள். படக்காரத் தம்பி அப்போது லென்ஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆறு மணியோட எங்க டைம் முடிஞ்சிருச்சு. இதுக்கு மேல ஒரு மணிக்கு 350 வெள்ளி. பிளானர் கேஷா வாங்கிட்டுத்தான் எடுக்கச் சொன்னாங்க."

கல்யாண வீட்டார் கையில் அந்த நேரத்தில் யார் 350 வெள்ளி வைத்திருப்பார்கள்? மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏடிஎம் தேடி ஓடினார். அவர் திரும்பி வரும்போது 6:25. இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தோம். ஆனால் பத்து ஃபெரிங்கி கடற்கரை வடக்கே பார்த்தது. ஜூன் மாதத்தில் சூரியன் வடமேற்கே கடல் பக்கமாக இறங்கும். நவம்பரில் தென்மேற்காக நகர்ந்து மலைக்குப் பின்னால் போய்விடும். பணத்தை எண்ணிக் கொடுத்து முடிப்பதற்குள் மலை நிழல் மணல் மேல் விழுந்துவிட்டது. கிடைத்தது எட்டுப் படம், எல்லாவற்றிலும் முகம் மங்கல்.

அப்புறம் சனிக்கிழமை நெரிசலில், வளைந்து வளைந்து போகும் அந்த ஒற்றை ரோட்டில் மாட்டி, ஏழரை மணி விருந்துக்கு எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து அட்டவணையை வரி வரியாகப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், "ஓட்டலிலிருந்து ஈசிஆர் 20 நிமிஷம்" என்று ஒரு வரி. ஈசிஆர் சென்னையில் இருக்கும் கடற்கரைச் சாலை. அங்கே யாருக்கோ போட்ட அட்டவணையை எடுத்து, ஊர்ப் பெயரை மாற்றி, எங்களிடம் விற்றிருக்கிறார்கள். ஒரு வரியை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள்.

கேட்டதற்கு, "மழைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். மழைக்கு யாரும் பொறுப்பில்லை, நேரத்துக்கு நீங்கள்தானே பொறுப்பு என்றேன். போனை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முதல் பாரத்தை நிரப்பி, 5 வெள்ளி கட்டி மனு போட்டேன். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், மூன்று வருஷத்துக்குள் போடவேண்டும், வக்கீல் தேவையில்லை. அட்டவணை, ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்தக் குடையின் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். விசாரணைத் தேதிக்கு முன்பே 2,600 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 350 வெள்ளி வரவில்லை.

உங்கள் அட்டவணையை இன்றே எடுத்துப் பாருங்கள். படக்காரரின் நேரம் ஆறு மணிக்கு முடிகிறதென்றால் ஏழேகால் வரை நீட்டி எழுதி வாங்குங்கள். மாற்று ஏற்பாடு என்றால் எந்த இடம், எத்தனை பேருக்குக் கூரை, யார் வாடகை என்று எழுத்தில் கேளுங்கள். வானிலைத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியில் காலை, மதியம், இரவு என்று பிரித்து ஏழு நாள் முன்கணிப்பு கிடைக்கிறது, அந்த வாரம் முழுக்கப் பாருங்கள். முடிந்தால் ஒரு வாரம் முன்னால், அதே மணிக்கு, அதே இடத்தில் போய் நின்று சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். சந்தேகம் இருந்தால் அட்டவணையை எனக்கு அனுப்புங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.