சன்கால்க்: வீடு கட்ட முதல் நம்மட பக்க வெயில பாக்கிறதுக்கு

காணி இருக்கு, இனி பிளான் கீறக் குடுக்கணும் எண்டு நிக்கிற ஆக்கள் அதுக்கு முதல் சன்கால்க் (suncalc.org) சைட்ட ஒருக்கா தொறந்து பாருங்க, காசு இல்ல, போன்லயே பாக்கலாம். மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில நாங்க கட்டப் போற வீட்டுக்கு இத வச்சுத்தான் எந்தப் பக்கம் அறை, எந்தப் பக்கம் குசினி எண்டு முடிவெடுத்தம், அதால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறன்.

பாவிக்கிறது லேசு. மெப்புல உங்கட வளவுக்கு மேல புள்ளிய வச்சிட்டு திகதியையும் நேரத்தையும் மாத்தினா சூரியன் எந்தத் திசையில எவ்வளவு உயரத்துல நிக்குதெண்டு காட்டும். மெல்லிய செம்மஞ்சள் கோடு அண்டைக்கு சூரியன் போற பாதை, அதச் சுத்தி மஞ்சளா விரிஞ்சு கிடக்கிறது முழு வருசத்துக்கும் சூரியன் எங்க இருந்து எங்க மட்டும் நகருதெண்டு. சுவர்ட உயரத்தக் குடுத்தா நிழல் எவ்வளவு நீளம் விழும் எண்டும் சொல்லும், உயரம் மீற்றர்ல குடுக்கணும், 10 அடிச் சுவர் எண்டா 3.05 எண்டு போடுங்க.

இப்ப முக்கியமான விசயம். வீடு கட்டுறதப் பத்தின வீடியோக்கள்ல வடக்குப் பக்கம் வெயில் வராது, பெரிய சன்னல் எல்லாம் அங்க வைங்க எண்டு சொல்லுவாங்க. டெல்லிக்கு அது சரி. மட்டக்களப்பு பூமத்திய கோட்டுல இருந்து 7.7 பாகைதான் வடக்கால இருக்கு, சூரியன் ஜூன் 21 அளவுல 23.4 பாகை வடக்கு மட்டும் போகுது, அப்ப நம்மளத் தாண்டித்தான் போகணும். சித்திரை வருசத்துக்கு நாலஞ்சு நாள் முதல் நம்மட உச்சிக்கு நேர வரும், மறுகா வடக்கால போய்த் திரும்பி செப்டம்பர் தொடக்கத்துல தான் திரும்ப உச்சிக்கு வரும். இடையில கிட்டத்தட்ட அஞ்சு மாசம் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்குலதான் நிக்குது! அந்த அஞ்சு மாசம் எது எண்டு பாருங்க, கச்சான் காத்து அடிக்கிற காலம், கிணத்துத் தண்ணி இறங்கிற காலம், பகல்ல அறைக்குள்ள படுக்கேலாத காலம். நம்மட ஊர்ல வெக்கையும் வடக்கு வெயிலும் ஒண்டாத்தான் வருது. தெற்கால சூரியன் சாயிற டிசம்பர்ல மழை முகில், வாடைக்காத்து, அப்ப தெற்குச் சன்னலால கொஞ்சம் வெயில் வந்தா நல்லதுதானே, உடுப்புக் காயும், சுவர் ஈரம் இழுக்கும்.

இதச் சொன்னா வடக்குல சன்னலே வைக்கக் கூடாதா எண்டு கேக்கிறாங்க. இல்ல, வைக்கலாம். ஜூன் நடுப்பகல்ல சூரியன் 74 பாகை உயரத்துல நிக்குது, 4 அடி உயரச் சன்னலுக்கு ஒண்டரை அடி சன்ஷேட் போட்டா அந்த நேர வெயில் உள்ளுக்கு வராது. அதே சன்னல் தெற்கால இருந்தா டிசம்பர்ல சூரியன் 59 பாகைக்கு இறங்கிரும், முழுசா மறைக்க ரெண்டரை அடி வேணும். நாங்க தெற்கால ஒண்டரை அடியோட விட்டம், மழைக்கு அது காணும், வெயில் வரட்டும்.

உண்மையான கரைச்சல் மேற்குப் பக்கம். ஜூன்ல பின்னேரம் 4 மணிக்குப் போட்டுப் பாருங்க, சூரியன் 32 பாகை உயரத்துலதான் நிக்கும், நேர மேற்குல இல்ல, 23 பாகை வடக்கால விலகி நிக்கும், பிறகு படுற மட்டும் அந்தத் திசைய விட்டு பெருசா அசையாது, உயரம்தான் குறையும். இதுக்கு ஒண்டரை அடி சன்ஷேட் எல்லாம் சரிவராது, 4 மணி வெயில மறைக்கவே 6 அடி விறாந்தை வேணும், 5 மணிக்கு அதுவும் காணாது. அதால மேற்குச் சுவர்ல படுக்கிற அறைய வைக்காம குளியலறை, சாமான் அறை, படிக்கட்டு எண்டு வச்சு, வெளியால ஒரு பத்தி இறக்கி, அங்கால ஒரு வேம்போ மாமரமோ நட்டிருங்க. சீற் கூரை போடுற ஆக்களுக்கு கூரையாலயும் வெக்கை இறங்கும், அவங்க மேற்குச் சுவரக் கட்டாயம் காப்பாத்தணும்.

எழுவான்கரை, அதாவது வாவிக்கும் கடலுக்கும் இடையில இருக்கிற ஆக்கள் இன்னொண்டையும் கவனிக்கணும். மட்டக்களப்புல இருந்து கல்முனைப் பக்கம் போற ரோட் நேர வடக்குத் தெற்கா போகல, வடமேற்குல இருந்து தென்கிழக்குக்குச் சாஞ்சு போகுது, காணிகளும் ஒழுங்கைகளும் அதோட சேந்து சாஞ்சுதான் கிடக்கு. நாம ரோட்டுக்கு நேரா வீட்ட வச்சிட்டு இது கிழக்கு வாசல் எண்டு சொல்றம், ஆனா அந்த வாசல் வடகிழக்குப் பக்கம் திரும்பி நிக்குது, ஜூன்ல சூரியன் எழும்புற பக்கம் அது. அப்ப நாம வடக்குச் சுவர் எண்டு நினைக்கிறது வடமேற்கப் பாத்து நிக்கும், ஜூன் பின்னேர வெயில் மேற்குச் சுவர மட்டும் இல்ல அந்தச் சுவரையும் சரிவா அடிக்கும். எங்கட வளவுல இது தெளிவாத் தெரிஞ்சுது, அதப் பாத்துத்தான் அம்மாட அறைய தென்கிழக்கு மூலைக்கு மாத்தினம். வாசல் திசை, வாஸ்து எல்லாம் மாமா சொன்ன மாதிரியே இருக்கு, அதுல ஒரு சண்டையும் வரல.

காத்தான்குடிக் கூட்டாளி ஒராள் இதே சைட்ல பாத்துச் சொன்னது நல்ல விசயம், நம்மட பக்கத்துக்கு கிப்லா திசையும் (தொழக்க பாக்கிற மக்கா திசை) ஜூன் கடைசியில சூரியன் படுற திசையும் கிட்டத்தட்ட ஒண்டுதான். அப்ப வீட்டுல தொழுற அறைக்கு அந்தப் பக்கச் சுவர்ல சன்னல் வச்சா அசர், அதாவது பின்னேரத் தொழுகை நேரம் முகத்துக்கு நேர வெயில் வரும், அவங்க சன்னலப் பக்கச் சுவருக்கு மாத்திட்டாங்க.

இந்த சைட்டுக்கு சூரியன் மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டு மாடி, தென்னை, முகில், கச்சான் காத்து இதெல்லாம் நாமதான் யோசிக்கணும். சன்னல மூடிக் கட்டினா வெயில் வராது, காத்தும் வராது, ரெண்டையும் சேத்துப் பாக்கணும். போன் காம்பஸ கம்பிக் கட்டு, வாகனம் பக்கத்துல வச்சுப் பாக்காதீங்க, பிழைச்சுக் காட்டும். நல்ல வழி எண்டா, சைட்ல அண்டைக்கு சூரியன் ஆகக் கூட உயரத்துல நிக்கிற நேரம் எத்தின மணி எண்டு போட்டிருக்கும், அந்த நேரத்துக்கு ஒரு கம்ப நேரா நட்டு நிழல்ல கயிறு பிடிச்சா அதுதான் சரியான வடக்குத் தெற்கு. 12 மணி எண்டு நினைச்சிராதீங்க, நவம்பர் தொடக்கத்துல 11.47 அளவுல வரும், பெப்ரவரி நடுவில 12.17 ஆகிரும். சித்திரை வருசத்துக்கு கிட்டின நாள்ல இத செய்யேலாது, நிழலே விழாது.

பிளான் கீறுறவர்ட்ட போகக்க ஜூன் 21 பின்னேரம் 4 மணி, டிசம்பர் 21 நடுப்பகல் ரெண்டுக்கும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துட்டுப் போங்க. காணிப் படத்துல ரோட் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு எண்டத அவருக்குக் காட்டி, மேற்குல என்ன அறை வருது எண்டு முதல்ல கேளுங்க, மத்ததெல்லாம் பிறகு.