சொகுசுக் கப்பலில் பட்லருக்கு டிப்ஸ்: முன்பணம் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

சொகுசுக் கப்பலில் பட்லர் (அறைப் பயணிகளின் தனிப்பட்ட தேவைகளைக் கவனிக்கும் பணியாளர்) சேவையுடன் கூடிய சூட் எனப்படும் உயர்வகை அறையை முன்பதிவு செய்திருப்பவர்களும், செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும், கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு விஷயத்தை எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். நாள்தோறும் உங்கள் கணக்கில் ஏறுகிற சேவைக் கட்டணத்தில் பட்லருக்கான பங்கு அடங்கியிருக்கிறதா இல்லையா என்பதே அது. இதற்கான விடை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு எங்கள் குடும்பத்திடம் பணம் வாங்கினார்கள். அந்தப் பணத்துக்கும், சூட் அறைக்கென்று நாங்கள் கட்டிய பெருந்தொகைக்கும் உரிய சேவையைக் கொடுக்கவில்லை. எங்கள் புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. விளக்கத்துக்காகக் கீழே நான் பெயர் சொல்லும் நிறுவனங்களில் எதுவும் அதுவன்று.

நானும் கணவரும் ஒரு சூட்டிலும், மாமனாரும் மாமியாரும் பக்கத்துச் சூட்டிலும் தங்கியிருந்தோம். இரண்டுக்கும் ஒரே பட்லர். கப்பல் புறப்பட்ட மாலையே அவர் வந்து அறிமுகம் செய்துகொண்டார். பட்லர் இருக்கும் கப்பல்களில் இது வழக்கமான நடைமுறைதான்: எந்த வகைத் தலையணை வேண்டும், காலைக் காபியை எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும், எந்த உணவு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் கேட்டு ஒரு விருப்ப அட்டையை நிரப்பிக்கொண்டு போவார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. சூட் அறையிலிருந்து உணவுக்கூடம் வரை கப்பலின் நீளம் முழுவதும் தினமும் இரவில் நடந்து போய் வருவது அவரால் ஆகாது. இரவு உணவை அறையிலேயே ஒவ்வொரு வகையாகப் பரிமாறுவார்கள் என்று நிறுவனத்தின் விளம்பர ஏட்டில் அச்சிட்டிருந்ததைப் பார்த்துத்தான் இந்த வகை அறையையே எடுத்திருந்தோம். அதை அவரிடம் தெளிவாகச் சொன்னோம். அவரும் அட்டையில் குறித்துக்கொண்டார்.

குறித்து முடித்த பிறகு, தினமும் பிடிக்கப்படும் சேவைக் கட்டணத்திலிருந்து பட்லர்களுக்கு ஒரு காசும் வருவதில்லை என்றும், விருந்தினர் நேரில் கொடுப்பதை நம்பித்தான் தாங்கள் இருப்பதாகவும், தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறவர்களுக்குத் தம்மால் கூடுதலாகச் செய்ய முடியும் என்றும் சொன்னார். குரலில் எந்த அதட்டலும் இல்லை, மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார். எங்கள் பயண முகவரும் முன்பே, “பட்லருக்கு முதல் நாளே கொடுத்துவிடுங்கள் மேடம், அப்போதுதான் நன்றாகக் கவனிப்பார்கள்” என்று சொல்லியிருந்தார். இருவரும் ஒன்றையே சொன்னதால், சூட்டுக்கு 100 டாலர் வீதம் ரொக்கமாகக் கொடுத்தோம்.

அதன் பிறகு அவரைப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. தொலைபேசியில் அழைத்தால் வேறு யாராவது எடுத்து, தகவல் சொல்லிவிடுகிறோம் என்பார்கள். பெயர்பெற்ற சிறப்பு உணவகம் ஒன்றில் நால்வருக்கும் இடம் பதிவு செய்துவிட்டதாக அவர் சொன்னதை நம்பிப் போனபோது, வாசலில் நின்றவர் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு எங்கள் அறை எண்ணே இல்லை என்றார். மாமியாரை அங்கிருந்து மறுபடி நடத்திக் கூட்டிவந்தோம். படகு மாறிக் கரைக்குப் போக வேண்டிய துறைமுகத்தில் சூட் பயணிகளுக்கு முன்னுரிமைச் சீட்டு உண்டு. அதை வாங்கித் தருவது பட்லரின் வேலை. எங்களுக்கு அது வரவில்லை. பொது வரிசையில்தான் நின்றோம்.

அறையில் இரவு உணவு பரிமாறியது பயணம் முழுவதிலும் ஒரே ஒரு முறை. அதுவும் எப்படி என்று சொல்ல வேண்டும். தள்ளுவண்டி ஒன்றில் சூப், முதன்மை உணவு, ஐஸ்கிரீம் மூன்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து, மேசை விரிப்புகூட விரிக்காமல், வண்டியை அப்படியே அறை நடுவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். சூப் மேல் ஆடை படிந்திருந்தது. பக்கத்திலேயே சூடான தட்டின் மூடியை ஒட்டி வைத்திருந்ததால் ஐஸ்கிரீம் கிண்ணத்தில் பாலாகிவிட்டிருந்தது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் சூப்பை மட்டும் குடித்துவிட்டுப் போதும் என்றார். மற்ற இரவுகளில் நாங்களே பொது உணவுக்கூடத்திலிருந்து தட்டில் எடுத்துவந்து கொடுத்தோம்.

சலவை விஷயம் இன்னும் மோசம். எங்கள் அறை வகைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை துணிகளுக்கு இஸ்திரி இலவசம். பட்லர் துணிகளை வாங்கிப் போனபோது அதற்கான சீட்டில் இலவசப் பகுதியைக் குறிக்காமல் கட்டணப் பகுதியில் எழுதியிருக்கிறார். கணக்கில் ஒவ்வொரு சட்டைக்கும் தனித்தனி வரியாகத் தொகை ஏறியிருந்தது. மாமனாருக்குக் கணக்குகளை வரிவரியாகப் பார்க்கும் பழக்கம் உண்டு. அவர் அறைத் தொலைக்காட்சியில் கணக்கைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது.

கணக்கில் அந்த வரிகளைப் பார்த்த பிறகுதான் கணவர் முன்பதிவோடு வந்த நிபந்தனைகளை முழுவதுமாக எடுத்துப் படித்தார். சூட் அறைகளுக்கு மற்ற அறைகளைவிடக் கூடுதலான சேவைக் கட்டணம் பிடிக்கப்படுகிறது என்றும், அது அறைப் பணியாளர், உணவுக்கூடப் பணியாளர், பட்லர் ஆகியோரிடையே பகிரப்படுகிறது என்றும் அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஆக, முதல் மாலை எங்களிடம் சொல்லப்பட்டது பொய்.

இந்தப் பொய் எளிதில் எடுபடுவதற்குக் காரணம், வேறு சில நிறுவனங்களில் அதுவே உண்மையாக இருப்பதுதான். நார்வீஜியன் கப்பல் நிறுவனத்தில் நாள்தோறும் பிடிக்கும் சேவைக் கட்டணத்தில் பட்லரும், முன்பதிவு போன்ற ஏற்பாடுகளைக் கவனிக்கும் கன்சியர்ஜும் சேர்த்தி இல்லை. நல்ல சேவைக்கு விருந்தினரே தனியாகக் கொடுக்கலாம் என்று அவர்களே வெளிப்படையாக அறிவித்திருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, சில்வர்சீ கப்பல்களில் எல்லாச் சூட்டுக்கும் பட்லர் உண்டு. டிப்ஸ் முழுவதும் பயணக் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. ரீஜென்ட் கப்பல்களிலும் டிப்ஸ் கட்டணத்தோடு சேர்ந்ததே. ஆனால் பட்லர் உயர்வகைச் சூட்டுகளுக்கு மட்டும்தான். ராயல் கரீபியனில் ஸ்டார் வகைச் சூட் எடுப்பவர்களுக்கு ஜீனி என்ற பெயரில் தனி உதவியாளர் உண்டு. அந்த வகைக்கு டிப்ஸ் கட்டணத்தில் அடக்கம். இப்படி நாலு விதமாக இருக்கும்போது, முன்பு வேறு கப்பலில் போய்வந்த உறவினரோ நண்பரோ சொல்வதை வைத்து உங்கள் கப்பலின் முறையை முடிவு செய்ய முடியாது. நிபந்தனைகள் அவ்வப்போது மாறவும் செய்கின்றன. உங்கள் முன்பதிவு எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோவதே பாதுகாப்பு.

தொகை எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 வாக்கில் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் சாதாரண அறைக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரையும், சூட் அறைக்கு 18 முதல் 25 டாலர் வரையும் சேவைக் கட்டணம் பிடித்தார்கள். இது தலைக்கு என்பதால், நால்வர் உள்ள குடும்பத்துக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். இது தவிர மதுக்கூடத்திலும் அழகு நிலையத்திலும் ஒவ்வொரு ரசீதிலும் 18 அல்லது 20 சதவீதம் தானாகவே சேர்க்கப்படுவது பரவலான வழக்கம். அந்த ரசீதுகளில் கையெழுத்துக்கு மேலே மறுபடியும் ஒரு டிப்ஸ் கட்டம் வெறுமையாக இருக்கும். அது கூடுதலாகக் கொடுக்க விரும்புவோருக்கானது. நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை.

பட்லரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் பலருக்குத் தெளிவாக இல்லை. பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது, திரும்பும்போது கட்டித் தருவது, இஸ்திரிக்கு ஏற்பாடு செய்வது, காலணிக்கு மெருகிடுவது, மாலையில் சிற்றுண்டித் தட்டு கொண்டுவருவது, அறையில் முறையாக உணவு பரிமாறுவது, உணவகத்துக்கும் கரைச்சுற்றுலாவுக்கும் இடம் பதிவது ஆகியவை அவருடைய வேலைகள். அறையைப் பெருக்கிப் படுக்கை மாற்றுவது அறைப் பணியாளரின் வேலை. அதைப் பட்லரிடம் கேட்பது முறையாகாது. அவர் உங்களுக்கு மட்டும் உரியவரும் அல்லர். பல சூட்டுகளை ஒருவரே பார்த்துக்கொள்கிறார். 2006-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் ஊழியர்களின் ஓய்வுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. ஓய்வு நேரத்தை வைத்துக் கணக்கிடும் முறையில் 24 மணி நேரத்தில் 10 மணி நேரமும், 7 நாட்களில் 77 மணி நேரமும் ஓய்வு கிடைத்தாக வேண்டும். எனவே நடு இரவில் அழைத்தால் வேறொருவர் வருவதும், பிற்பகலில் அவர் சற்று நேரம் கிடைக்காமல் இருப்பதும் இயல்பு. நாங்கள் குறை சொல்வது அதை அல்ல. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாமல், செய்ததாகச் சொன்னதைத்தான் குறை சொல்கிறோம்.

விருந்தினர் சேவை மேசையில் புகார் கொடுத்தோம். சலவைத் தொகையைப் பாதி நீக்கினார்கள். மீதிப் பாதிக்கு நாங்களே சீட்டில் கையெழுத்திட்டிருக்கிறோம் என்றார்கள். அந்தக் கையெழுத்து யாருடையது என்று காட்டும்படி கேட்டபோது சீட்டு கிடைக்கவில்லை. ரொக்கமாகக் கொடுத்த டிப்ஸ் தங்கள் கணக்கில் வராததால் அதைப் பற்றிப் பேச முடியாது என்றார்கள். பிறகு ஹோட்டல் டைரக்டரைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினோம். கப்பலில் தங்குமிடம், உணவு, பணியாளர் அனைத்துக்கும் பொறுப்பானவர் அவர்தான். அவர் வருத்தம் தெரிவித்து, கப்பலில் செலவழிக்கத்தக்க வரவு ஒன்றை எங்கள் கணக்கில் சேர்ப்பதாகச் சொன்னார். அந்த வரவு வந்து சேர்ந்தது கடைசி நாள் மாலை. அது பணமாகத் திரும்பப் பெற முடியாத வகை வரவு. பயணம் முடிந்ததும் காலாவதியாகிவிடும். கப்பலின் கடைகளில் கைப்பையோ வாசனைத் திரவியமோ வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. யாராவது உங்களுக்கு இப்படி ஈடு செய்வதாகச் சொன்னால், அது பணமாகத் திரும்பக் கிடைக்கும் வகையா என்று அங்கேயே கேளுங்கள். திரும்பக் கிடைக்காத வகை என்றால், ஏற்கெனவே ஏறிய பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

அதே கடைசி இரவில் பட்லர் மறுபடி வந்தார். நிறுவனத்திலிருந்து கருத்துக் கேட்பு மின்னஞ்சல் வரும் என்றும், எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண் கொடுத்தால் மட்டுமே தம் ஒப்பந்தம் நீட்டிக்கப்படும் என்றும் சொல்லி, மேசை மேல் வெற்று உறை ஒன்றையும் வைத்துவிட்டுப் போனார். எனக்கு மிகவும் வேதனையாக இருந்த தருணம் அதுதான். பல மாத ஒப்பந்தத்தில் வீட்டை விட்டு விலகி வேலை செய்கிறவர்களின் நிலை எனக்குப் புரிகிறது. எங்கள் அறைப் பணியாளர் அப்படி உழைத்ததை நேரில் பார்த்தேன், அவருக்கு மனமார ஒரு தொகை கொடுத்தோம். ஆனால் முதியவர் ஒருவரின் இரவு உணவைக் கவனிக்காமல் விட்டவருக்கு இரண்டாவது உறையைக் கொடுக்க மனம் வரவில்லை. உறையை வெறுமையாகவே விட்டுவிட்டு வந்தோம்.

இத்தகைய அனுபவத்துக்குப் பிறகு சிலர், விருந்தினர் சேவை மேசைக்குப் போய்த் தினசரிச் சேவைக் கட்டணத்தையே முழுவதுமாக நீக்கச் சொல்கிறார்கள். பல நிறுவனங்கள் அதற்கு இடமும் கொடுக்கின்றன. அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தொகை பலரிடையே பகிரப்படுவதால், தவறு செய்தவரைவிட, சலவை அறையிலும் சமையற்கட்டிலும் நம் கண்ணில் படாமல் வேலை செய்கிறவர்களுக்கே இழப்பு அதிகம். பட்லர் மீது குறை இருந்தால் அவர் பெயரைச் சொல்லி, நடந்தவற்றைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். அதையும் பயணத்தின் முதற்பாதியிலேயே செய்யுங்கள். அப்போதுதான் வேறு பட்லரை மாற்றித் தர அவர்களுக்கு நேரம் இருக்கும்.

உங்கள் கப்பல் நிறுவனத்தின் தினசரிச் சேவைக் கட்டணத்தில் பட்லர் சேராதவர் என்பது எழுத்தில் உறுதியானால், அவருக்குத் தனியாகக் கொடுப்பதுதான் நியாயம். அடிக்கடி கப்பலில் போகிறவர்கள் சூட் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 டாலர் என்ற கணக்கில் கொடுப்பதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது விதியல்ல, வேலைக்கேற்ப முன்பின் ஆகலாம். கட்டணத்தில் அடங்கியவர் என்றால் கூடுதல் தொகை முழுக்க உங்கள் விருப்பம். எந்த வகையானாலும் சேவை கிடைத்த பிறகு கொடுங்கள். அறிமுகமான அன்றே தொகையைப் பற்றிப் பேசும் பட்லரிடம், பயண முடிவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. கணக்கை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது திறந்து பாருங்கள். இஸ்திரிக்குத் துணி கொடுக்கும்போது சீட்டை நீங்களே நிரப்பிக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

திரும்பிய பிறகு நிறுவனத்துக்கு, நிபந்தனையின் அந்தப் பகுதி, கணக்கில் சலவைத் தொகை ஏறிய பதிவுகள், மீதிப் பாதிக்கு நாங்கள் கையெழுத்திட்டதாகச் சொல்லிவிட்டுக் காட்டாமல் விட்ட சீட்டு பற்றிய கேள்வி ஆகிய மூன்றையும் இணைத்து எழுதியிருக்கிறோம். வந்த முதல் பதில், அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாகச் சொன்னது. தள்ளுபடி வேண்டாம், தவறாகப் பிடித்த சலவைத் தொகையை எந்த அட்டையிலிருந்து எடுத்தீர்களோ அதற்கே திருப்புங்கள் என்று பதில் அனுப்பிவிட்டு, அட்டை கொடுத்த வங்கியிலும் அந்தத் தொகையை மறுத்து மனு கொடுத்திருக்கிறோம். பயண முகவர் மட்டும், இனித் தம்மிடம் சூட் அறை பதிகிறவர்களுக்கு நிறுவனத்தின் டிப்ஸ் நிபந்தனையை அச்செடுத்தே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.