ஸ்ப்ளிட் நகரத்து கொனோபாவும் மூன்று ஊர் பஷ்டிட்சாடாவும்

மெனு கார்டைக் கையில் வாங்கியதும் மனசுக்குள் ஒரு சந்தோஷம். குரோஷிய மொழியில் எனக்கு வணக்கம், நன்றி தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் பாதி கார்டு தானாகவே புரிந்தது. நியோக்கி (உருளைக்கிழங்கு மாவு உருண்டை), பலென்டா (சோளமாவுக் களி), ரிஜோட் (குழைய வேகவைத்த அரிசி), புருதெத் (மீன் குழம்பு), பஷ்டா ஃபஜோல் (பீன்ஸ் போட்ட பாஸ்தா). 11 வருடமாக இத்தாலியின் பொலோஞ்ஞாவில் ஓர் உணவகத்தின் அடுப்படியில் நிற்கிறவன் நான். ஞோக்கி, பொலென்டா, ரிசோத்தோ, புரொதெத்தோ, பாஸ்தா எ ஃபஜோலி என்று தினமும் என் காதில் விழுகிற அதே பெயர்கள், வால் மட்டும் கொஞ்சம் வெட்டுப்பட்டு இங்கே உட்கார்ந்திருந்தன.

நானும் மனைவியும் இத்தாலியத் துறைமுகமான அங்கோனாவில் இரவுக் கப்பல் ஏறி, விடிந்தபோது ஸ்ப்ளிட்டில் இறங்கினோம். ஏட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரை. 1420 முதல் 1797 வரை இந்த ஊர் வெனிஸ் குடியரசின் கையில் இருந்தது. அந்தக் காலம் இன்னும் சந்தையில் காதில் விழுகிறது. பொதுக் குரோஷிய மொழியில் தக்காளி ராய்ச்சிட்சா. இங்கே காய்கறிக்காரப் பாட்டி பொமிடோர் என்கிறார். முள்கரண்டி அதில் விலிட்சா, இங்கே பிருன். அதுவும் வெனிஸ்காரர்களின் பிரோன்தான்.

நாங்கள் சாப்பிட்ட இடம் வெலி வரோஷ் பகுதியில், மர்யான் குன்றுக்கு ஏறும் ஒரு சந்துக்குள் இருக்கிறது. கல் வீடு, எட்டே மேசை. கொனோபா என்பது வீட்டின் கீழ்த்தளத்தில் ஒயின் பீப்பாயும் எண்ணெயும் வைக்கிற அறை. சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இப்போது அதுவே பெயர். பெயர்ப்பலகை கைக்குட்டை அளவுதான். நாங்கள் இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம்.

பஷ்டிட்சாடா சொன்னோம், 24 யூரோ. இந்தப் பெயரை நான் ஏற்கனவே இரண்டு விதமாகச் சாப்பிட்டவன். வெரோனாவில் பஸ்திசாடா என்றால் குதிரைக்கறி. சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகவைத்து பொலென்டாவோடு தருவார்கள். எங்கள் சமையலறையில் கோர்ஃபு தீவுப் பையன் ஒருவன் இருக்கிறான். அந்தக் கிரேக்கத் தீவையும் 1386லிருந்து 1797 வரை வெனிஸ்தான் ஆண்டது. ஒரு நாள் ஊழியர் சாப்பாட்டுக்கு அவன் தன் அம்மாவின் பஸ்தித்சாடாவைச் செய்தான். சேவல் கறி, தக்காளி, பட்டை மணம், அடியில் துளையுள்ள தடித்த பாஸ்தா. பெயர் ஒன்றுதான் என்று அவன் சொல்லியிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

ஸ்ப்ளிட்டில் வந்தது மூன்றாவது ஆள். மாட்டுக்கறி, விரல் தடிமனில் இரண்டு துண்டு. வெட்டிய முகத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி, ஆரஞ்சாக ஒரு புள்ளி. முழு இறைச்சியைக் கத்தியால் குத்தி, உள்ளே பூண்டும் பன்றிக்கொழுப்பும் கேரட்டும் செருகியிருக்கிறார்கள். அதைத்தான் அந்தப் புள்ளிகளில் பார்க்கிறோம். பிறகு ராத்திரி முழுக்க ஒயின் வினிகரில் ஊறல். வெங்காயம், செலரிக் கிழங்கு, கிராம்பு, உலர்ந்த பிளம்ஸ், புரோஷெக் என்ற இனிப்பு ஒயின் எல்லாம் சேர்ந்து வெந்ததும் கறியை எடுத்து ஆறவைத்து நறுக்கி, குழம்பைச் சல்லடையில் தேய்த்து இறக்கி, மறுபடியும் கறியை அதில் போடுகிறார்கள். சமைத்த அம்மா இத்தாலிய மொழியில் எனக்கு இதைச் சொன்னார். "அவசரப்பட்டால் வராது, முந்தின நாளே ஆரம்பிக்க வேண்டும்" என்றார். முதலில் நாக்கில் வினிகரின் புளிப்பு, அது அடங்குவதற்குள் பிளம்ஸின் இனிப்பு, தொண்டைக்குப் போகும்போது கிராம்பு.

கூடவே நியோக்கி. உருளைக்கிழங்கு ஈரமாக இருந்தால் மாவு கூடப் போகும், மாவு கூடினால் ரப்பர். இந்த அம்மாவின் கை நல்ல கை. ஒவ்வொன்றிலும் விரலால் அமுக்கிய குழி இருந்தது, குழம்பு அந்தக் குழியில் போய்த் தேங்கியது. வேலையில் நான் வாரத்துக்கு இரண்டு நாள் ஞோக்கி உருட்டுகிறேன். இவ்வளவு மிருதுவாக எனக்கு எல்லா நாளும் வருவதில்லை.

புரோஷெக்கைப் பற்றி ஒரு வார்த்தை. காயவைத்த திராட்சையில் செய்யும் ஒயின் இது. இத்தாலியின் நுரை பொங்கும் புரோசெக்கோவுக்கும் இதற்கும் சுவையில் சம்பந்தமே இல்லை. குரோஷியா இந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்திடம் பாதுகாப்புக் கேட்டிருந்தது, 2021ல் இத்தாலி அதை எதிர்த்தது. நான் இத்தாலியில் சம்பாதித்துச் சாப்பிடுகிறவன்தான். இருந்தாலும் ஒரு சின்னக் கிளாஸ் குடித்துப் பார்த்தபின் என் மனசு ஸ்ப்ளிட் இருக்கும் இந்தக் கடற்கரைப் பகுதியான டால்மேஷியாவின் மக்கள் பக்கம் போய்விட்டது.

குறையும் சொல்ல வேண்டும். மனைவி கேட்ட கறுப்பு ரிஜோட், 18 யூரோ, ஏமாற்றிவிட்டது. கணவாய் மையின் கடல் வாசனை அருமை, கணவாயும் பதமாக வெந்திருந்தது. அரிசிதான் போச்சு. முன்கூட்டியே முக்கால் வேக்காடு வேகவைத்து, ஆர்டர் வந்ததும் மையில் புரட்டியிருக்கிறார்கள். தட்டைச் சாய்த்தால் ரிசோத்தோ அலைபோல மெல்ல நகர வேண்டும், இது கட்டியாக அசையாமல் நின்றது. கூட்ட நேரத்தில் எந்தச் சமையலறையிலும் நடப்பதுதான். ஆனால் அந்த அளவு பஷ்டிட்சாடா செய்கிறவர்களிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டால் நேரம் எடுத்துப் புதிதாகச் செய்து தருவார்களா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பரிமாறிய பையன் பொறுமைசாலி. கடைசியில் சாப்பிட்ட ஃபிரிதுலே, எண்ணெயில் பொரித்த இனிப்பு மாவு உருண்டை, வெனிஸ் திருவிழாக்கால ஃபிரித்தொலேயின் குட்டித் தம்பி. சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

இத்தாலியச் சமையலின் செல்வாக்கு என்றால் பலருக்கும் பீட்சாவும் கிரீம் ஊற்றிய கார்பொனாராவும்தான் ஞாபகம் வரும். அது கடை வழியாகப் பரவியது. இங்கே அது வீட்டு அடுப்பு வழியாக, தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. அதனால்தான் இதை இத்தாலியச் சாப்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது அந்த அம்மாவின் சாப்பாடு.

மறுநாள் காலை பத்தரைக்கே திரும்பவும் போனோம். இத்தாலியில் மெரென்டா என்றால் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சிற்றுண்டி. ஸ்ப்ளிட்டில் மரென்டா என்பது உழைக்கிறவர்கள் முன்பகலில் உட்கார்ந்து சாப்பிடுகிற முழுச் சாப்பாடு. பஷ்டா ஃபஜோல் 9 யூரோ. பக்கத்து மேசையில் துறைமுக வேலைக்காரர் இருவர், தண்ணீர் கலந்த சிவப்பு ஒயினோடு, பேசாமல் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ரொட்டி இன்னொரு கூடை கேட்டோம்.